நேரியலல்லாத குறுக்கீட்டுமானி: ஷாட் இரைச்சலுக்குக் கீழே கட்டத்தை அளப்பது எப்படி, படிப்படியாக

ஒளி அலையின் கட்டத்தை, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, அளக்கும் கருவி குறுக்கீட்டுமானி. ஒளி தனித்தனி ஃபோட்டான்களாக வருவதால் தவிர்க்க முடியாமல் எழும் ஏற்ற இறக்கம் ஷாட் இரைச்சல். சாதாரண மாக்-செண்டர் குறுக்கீட்டுமானியில் இரண்டு பீம் ஸ்பிளிட்டர்கள் இருக்கும். ஒன்று ஒளியைப் பிரிக்கும், மற்றது சேர்க்கும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் ஒளிப் பெருக்கிகளை வைத்தால் நேரியலல்லாத குறுக்கீட்டுமானி கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் இது எஸ்யூ(1,1) என்ற பெயரில் வரும்.

முதல் பெருக்கி, பம்ப் என்ற வலுவான லேசர் ஒளியிலிருந்து ஜோடி ஜோடியாக ஃபோட்டான்களை உண்டாக்குகிறது. இரண்டாவது பெருக்கி, கட்டம் சரியாக இருந்தால், அந்த ஜோடிகளை பம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நடுவில் கட்டம் துளி நகர்ந்தாலும் இந்தத் திருப்பிக் கொடுத்தல் முழுமையாக நடக்காது. மிச்சம் வெளியே வரும், அதுவும் பெருகி வரும். இரைச்சலோ வெற்றிட அளவுக்கே, அதாவது ஒளியே இல்லாதபோதும் இருக்கும் குவாண்டம் இரைச்சலின் அளவுக்கே, இறங்கி நிற்கும். சிக்னல் பெருகுகிறது, இரைச்சல் பெருகவில்லை. லாபம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக இரண்டு பெருக்கிகளையும் மேசையில் பொருத்திவிடுகிறார்கள். அழகான பட்டைகள் (கட்டம் மாற மாற ஒளி கூடிக் குறைவது) தெரிகின்றன, சந்தோஷப்படுகிறார்கள். அப்புறம் மாதக்கணக்கில் குவாண்டம் லாபம் எதுவும் வருவதில்லை. பட்டை தெரிவதற்கும் ஷாட் இரைச்சலுக்குக் கீழே போவதற்கும் சம்பந்தமே இல்லை. கீழே உள்ள வரிசை அந்தக் குழியில் விழாமல் இருப்பதற்காக. ரூபிடியம் ஆவி நிரப்பிய கண்ணாடிச் செல்லைப் பெருக்கியாக வைக்கும் நான்கு அலைக் கலப்பு முறையை எடுத்துக்கொள்கிறேன். இதில் பம்பின் இரண்டு ஃபோட்டான்கள் ஒரு ஜோடியாக மாறும்: ஒன்று நாம் விதையாக அனுப்பும் புரோப் கற்றையில் சேரும், மற்றது கான்ஜுகேட் என்ற புதிய கற்றையாகும். ஒளியியல் குழி (கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் அமைப்பு) தேவையில்லை, ஒருமுறை கடந்தாலே நல்ல கெயின் (பெருக்க மடங்கு) கிடைக்கும் என்பதால் முதல்முறை செய்பவர்களுக்கு இதுதான் வசதி.

1. முதலில் காகிதத்தில் இழப்புக் கணக்கு

மேசையைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கு போட்டாக வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு "கெயினை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இழப்பு இரண்டு வகை. இரண்டு பெருக்கிகளுக்கும் நடுவே நடப்பது உள் இழப்பு. இரண்டாவது பெருக்கிக்குப் பின், டிடெக்டர் வரை நடப்பது வெளி இழப்பு. இரண்டும் ஒரே சதவீதமாக இருந்தாலும் விளைவு வேறு வேறு.

இரண்டு பெருக்கிகளின் கெயினும் 3 என்று வைத்துக்கொள்வோம். அளக்க வேண்டிய கட்டம் கான்ஜுகேட் கற்றையில் இருக்கிறது, வெளியே வரும் கான்ஜுகேட்டை ஹோமோடைன் முறையில் (வலுவான ஒப்பீட்டுக் கற்றையோடு கலந்து அளப்பது) பார்க்கிறோம், வேலை செய்யும் இடம் கரும்பட்டை, அதாவது வெளிவரும் ஒளி மிகக் குறைவாக இருக்கும் கட்டம். இழப்பே இல்லாவிட்டால், மாதிரியின் (கட்டத்தை மாற்றும், நாம் ஆராயும் பொருளின்) வழியே அதே எண்ணிக்கை ஃபோட்டான்களை அனுப்பும் சாதாரண முறையைவிட சிக்னல்-இரைச்சல் விகிதம் கெயின் மடங்கு, அதாவது 3 மடங்கு நன்றாக இருக்கும். டெசிபலில் 4.8. இரண்டு வெளியீடுகளையும் சேர்த்துச் சரியான எடையோடு பார்த்தால் 5 மடங்கு, 7 டெசிபல்.

இப்போது 10 சதவீத வெளி இழப்பைச் சேருங்கள். கரும்பட்டையில் இரைச்சல் ஏற்கெனவே வெற்றிட அளவில் இருப்பதால் அது மாறாது. சிக்னல் மட்டும் 0.46 டெசிபல் குறையும். ஒப்பிடும் சாதாரண முறையும் அதே டிடெக்டரைப் பயன்படுத்தினால் அதற்கும் அதே நஷ்டம். ஆக, லாபத்தில் கை வைக்கப்படவில்லை.

அதே 10 சதவீதம் இரு கைகளிலும், அதாவது புரோப், கான்ஜுகேட் இரண்டின் பாதைகளிலும், உள்ளே நடந்தால் கதை வேறு. இழந்த ஒளியின் இடத்தில் வெற்றிட இரைச்சல் புகுந்துவிடும். அதற்கு ஜோடி கிடையாது. இரண்டாவது பெருக்கி அதை ரத்து செய்ய முடியாமல் பெருக்கிவிடும். இரைச்சல் 1.4 மடங்காகும், சிக்னலும் குறையும். 4.8 டெசிபல் லாபம் 2.9-க்குச் சரிந்துவிடும். உள் இழப்பு 20 சதவீதம் என்றால் மிஞ்சுவது 1.2 டெசிபல்தான்.

கெயினை ஏற்றினால்? 20 சதவீத உள் இழப்போடு, இந்த ஒற்றை வெளியீட்டு அமைப்பில், கெயினை எவ்வளவு ஏற்றினாலும் லாபம் 3 டெசிபலைத் தாண்டாது. 10 சதவீதத்தில் உச்சவரம்பு 6.5 டெசிபல். எளிய சூத்திரம்: கடந்து வரும் பங்கை, இழப்பின் இரு மடங்கால் வகுத்தால் உச்சவரம்பு கிடைக்கும். உங்கள் நேரத்தையும் நல்ல கண்ணாடிகளையும் எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

இரண்டு செல்களுக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு பரப்பையும் எழுதிப் பட்டியல் போடுங்கள். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒன்றுக்கு சுமார் 4 சதவீதம். முதல் செல்லின் வெளியேறும் ஜன்னல், இரண்டாவது செல்லின் நுழையும் ஜன்னல், லென்ஸ்கள், கண்ணாடிகள் எல்லாம் வர வேண்டும். கூட்டினால் 10-ஐத் தாண்டுகிறதா? பூச்சுள்ள பாகங்கள் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

பம்புக்கு 795 நானோமீட்டரில், அதாவது ரூபிடியத்தின் டி1 கோட்டில், சில நூறு மில்லிவாட் தரும் லேசர் வேண்டும். டைட்டானியம்-சஃபையராகவும் இருக்கலாம், டேப்பர்டு பெருக்கியோடு கூடிய டையோடு லேசராகவும் இருக்கலாம். இரண்டாவதை எடுத்தால் ஒளியை சிங்கிள்-மோட் ஃபைபர் (ஒரே வடிவக் கற்றையை மட்டும் கடத்தும் இழை) வழியே அனுப்பிச் சுத்தம் செய்யுங்கள். கற்றையின் வடிவம் கெட்டிருந்தால் பின்னால் இரண்டு செல்களையும் பொருத்தும்போது அழுவீர்கள்.

ரூபிடியம்-85 செல் இரண்டு. 12 மில்லிமீட்டர் அளவு நீளம் போதும். ஜன்னல்களின் இருபக்கமும் பூச்சு இருந்தால் நல்லது, வெளிப்பக்கமாவது கட்டாயம். சூடாக்கும் உறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஜன்னல்கள் செல்லின் உடலைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரூபிடியம் ஜன்னலில் படிந்து, மெதுவாக, உங்களுக்குத் தெரியாமலே இழப்பைக் கூட்டிக்கொண்டே போகும்.

புரோப் என்ற விதைக் கற்றை பம்பைவிட 3.04 கிகாஹெர்ட்ஸ் கீழே இருக்க வேண்டும். ரூபிடியம்-85-இன் தரைநிலை மீநுண் இடைவெளி, அதாவது அணுவின் எஃப்=2, எஃப்=3 என்ற இரு கீழ்நிலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அதுதான். பம்பிலிருந்தே சிறிது ஒளியைப் பிரித்து, 1.52 கிகாஹெர்ட்ஸ் ஏஓஎம் (ஒலி அலையால் ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் கருவி) வழியே இருமுறை அனுப்பினால் இந்த இடைவெளி கிடைத்துவிடும். தனி லேசர் வைத்துப் பூட்டுவதைவிட இது நிம்மதி, ஏனென்றால் பம்பும் புரோப்பும் ஒரே லேசரின் பிள்ளைகள். ஒன்று தள்ளாடினால் மற்றதும் சேர்ந்தே தள்ளாடும்.

இவை தவிர கிளான் வகை போலரைசர்கள், சமநிலை டிடெக்டர், ஸ்பெக்ட்ரம் அனலைசர், பீசோ கண்ணாடிகள் (மின்னழுத்தம் கொடுத்தால் நுணுக்கமாக நகர்பவை), லாக்-இன் பெருக்கி (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடும் சிக்னலை மட்டும் பிரித்தெடுப்பது). டிடெக்டரின் ஃபோட்டோடையோடு 90 சதவீதத்துக்கு மேல் குவாண்டம் செயல்திறன் உள்ளதாக இருக்கட்டும். வெளி இழப்பு லாபத்தைக் கெடுக்காது என்று மேலே சொன்னேன், ஆனால் 3, 5 ஆகிய படிகளில் இதே டிடெக்டரை வைத்துத்தான் சோதனை செய்யப் போகிறோம். அங்கே அது முக்கியம்.

கண்ணுக்குப் பாதுகாப்பு: 795 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். பார்க்க ஒரு மில்லிவாட் போல இருக்கும், உண்மையில் 400 மில்லிவாட் இருக்கும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணியாமல் திரையைத் திறக்கக் கூடாது.

3. ஷாட் இரைச்சலை அளந்து எழுதி வையுங்கள்

செல்லைச் சூடாக்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். அளவுகோல் இல்லாமல் நீளம் அளக்க முடியாது.

லேசர் ஒளியை 50:50 ஆகப் பிரித்து சமநிலை டிடெக்டரின் இரு டையோடுகளிலும் விழச் செய்யுங்கள். வித்தியாச மின்னோட்டத்தின் இரைச்சலை 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பாருங்கள். ஒளியின் திறனை ஏழெட்டுப் படிகளாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் இரைச்சல் திறனைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரியல் அளவில் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோடு மேல்நோக்கி வளைந்தால் அது ஷாட் இரைச்சல் அல்ல, லேசரின் தொழில்நுட்ப இரைச்சல் முழுமையாக ரத்தாகாமல் நுழைகிறது. சமநிலையைத் திருத்துங்கள், அல்லது அளக்கும் அதிர்வெண்ணை மாற்றுங்கள்.

ஒளியை முழுதாக மறைத்து மின்னணு இரைச்சலையும் எடுங்கள். புதியவர்கள் இங்கே 10 டெசிபல் இடைவெளி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: நீங்கள் பார்க்கப் போவது ஷாட் இரைச்சலுக்கு 6 டெசிபல் கீழே உள்ள ஒன்று. மின்னணு இரைச்சல் 10 டெசிபல் கீழே என்றால் இரண்டுக்கும் நடுவே 4 டெசிபல்தான் மிச்சம். 15-க்கு மேல் இருக்க வேண்டும், 20 இருந்தால் கவலையே இல்லை.

அளந்த நேர்கோட்டை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். இனி வரும் ஒவ்வொரு எண்ணும் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

4. ஒரே ஒரு செல், ஒரு எளிய கூட்டல் கழித்தல்

இரண்டாவது செல் இப்போது வேண்டாம். எடுத்து அலமாரியில் வையுங்கள்.

முதல் செல்லை 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டு வாருங்கள். பம்பை எஃப்=2 நிலையிலிருந்து கிளம்பும் உறிஞ்சல் கோட்டுக்கு மேலே 0.8 முதல் 1 கிகாஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். புரோப்பின் துருவமுனைவு பம்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும், கோணம் சுமார் 7 மில்லிரேடியன், அதாவது அரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. இரண்டும் செல்லின் நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டும். எல்லாம் பொருந்தினால் புரோப் பிரகாசமாகும். பம்புக்கு மறுபக்கத்தில், அதே கோணத்தில், முன்பு இல்லாத ஒரு புதிய புள்ளி முளைக்கும். அதுதான் கான்ஜுகேட். முதல்முறை அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை.

இப்போது மூன்று திறன்களை அளங்கள்: உள்ளே போகும் புரோப், வெளியே வரும் புரோப், வெளியே வரும் கான்ஜுகேட். ஃபோட்டான்கள் ஜோடியாகத்தான் பிறக்கின்றன என்பதால், வெளிவரும் புரோப்பிலிருந்து கான்ஜுகேட்டைக் கழித்தால் உள்ளே போட்ட புரோப் அப்படியே வர வேண்டும். 10 மைக்ரோவாட் போட்டு, புரோப் 30, கான்ஜுகேட் 20 என்று வந்தால் கணக்கு நேராகிறது, கெயின் 3. அதே 10-க்கு 28, 20 என்று வந்தால் புரோப் 2 மைக்ரோவாட்டை எங்கோ தொலைத்துவிட்டது.

தொலைவது பெரும்பாலும் செல்லுக்குள்ளேதான். புரோப் உறிஞ்சல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கான்ஜுகேட் வெகு தூரத்தில் இருக்கிறது. அதனால் அடி புரோப்புக்கு மட்டும். சூட்டைக் குறையுங்கள், அல்லது பம்பை இன்னும் தள்ளி வையுங்கள். கெயின் குறையும், பரவாயில்லை. இந்தச் சூட்டில் ஏறக்குறைய 12 டிகிரிக்கு ஒருமுறை ஆவியின் அடர்த்தி இரட்டிக்கும், ஆகவே இரண்டு டிகிரி மாற்றமே கண்ணுக்குத் தெரியும். சூட்டை மாற்றிய பின் அரை மணி நேரமாவது காத்திருந்துவிட்டு அளங்கள். பொறுமையில்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே இருந்தால் எதை அளக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

புரோப்பின் அதிர்வெண்ணைச் சில மெகாஹெர்ட்ஸ் அங்குமிங்கும் நகர்த்தினாலும் கெயினும் உறிஞ்சலும் வேறு வேறு விதமாக மாறும். அதிகக் கெயின் வரும் இடமும் நல்ல ஸ்க்வீஸிங் (இரைச்சல் ஷாட் அளவுக்குக் கீழே இறங்குவது) வரும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

5. இரட்டைக் கற்றைகளின் ஸ்க்வீஸிங்: உண்மைச் சோதனை

புரோப்பை ஒரு டையோடிலும் கான்ஜுகேட்டை மற்றதிலும் விட்டு, வித்தியாசத்தின் இரைச்சலைப் பாருங்கள். இரண்டின் மொத்தத் திறனுக்கு உரிய ஷாட் இரைச்சலை மேசைக்கு மேலே ஒட்டிய கோட்டிலிருந்து எடுங்கள்.

இழப்பில்லாத நிலையில் வர வேண்டிய விகிதம்: 1-ஐ, இரு மடங்கு கெயினில் 1 குறைத்த எண்ணால் வகுக்க வேண்டும். கெயின் 3 என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 7 டெசிபல் கீழே. மொத்தச் செயல்திறன் 90 சதவீதம் என்றால் 5.5, 80 சதவீதம் என்றால் 4.4 டெசிபல். அளந்த எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் செயல்திறனைக் கண்டுபிடியுங்கள். செல்லிலிருந்து டிடெக்டர் வரை பரப்பு பரப்பாக எண்ணி, டையோடின் செயல்திறனையும் சேர்த்து, முதல் படியில் போட்டது போல ஒரு பட்டியல் போடுங்கள். அதோடு இது ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லையா? அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூன்று வாரம் நான் ஒருமுறை இங்கே மாட்டிக்கொண்டேன். பட்டியல் 88 சதவீதம் என்றது, இரைச்சலோ 70-ஐத்தான் காட்டியது. கண்ணாடிகளை மாற்றினேன், டிடெக்டரைத் துடைத்தேன், சூட்டை ஏற்றி இறக்கினேன். கடைசியில் பார்த்தால் பம்பின் கசிவு. கிளான் போலரைசர் லட்சத்தில் ஒரு பங்கு பம்பை விட்டுவிடும் என்று வையுங்கள். 400 மில்லிவாட்டில் அது 4 மைக்ரோவாட். என் விதைக் கற்றையே 10 மைக்ரோவாட்தான்! டிடெக்டருக்கு முன் ஒரு துளைத்தடுப்பு வைத்து, கோணத்தால் விலகிப் போகும் பம்பை வெட்டியதும் சரியாகிவிட்டது. 7 மில்லிரேடியனில் ஒரு மீட்டர் தூரம் போனால் 7 மில்லிமீட்டர் விலகல் இருக்கும். அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆவிக்குள் புரோப் மெதுவாகப் போகிறது, கான்ஜுகேட் அவ்வளவு மெதுவாக இல்லை. இருவருக்கும் பத்து நானோவினாடி அளவில் தாமத வேறுபாடு வரும். 1 மெகாஹெர்ட்ஸில் இது பெரிதாகத் தெரியாது, பத்து மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது ஸ்க்வீஸிங்கைத் தின்றுவிடும். குறைந்த அதிர்வெண்ணில் நன்றாக இருந்து, மேலே போகப் போக மோசமானால் இதைச் சந்தேகியுங்கள்.

6. இப்போது இரண்டாவது செல்

முதல் செல்லின் நடுப்பகுதியை அப்படியே இரண்டாவது செல்லின் நடுப்பகுதியில் பிம்பமாக விழச் செய்ய வேண்டும். ஒரே குவியத்தூரமுள்ள இரண்டு லென்ஸ்கள் போதும். முதல் செல்லிலிருந்து ஒரு குவியத்தூரம் தள்ளி முதல் லென்ஸ், இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே இரு குவியத்தூரம், கடைசியில் மறுபடி ஒரு குவியத்தூரம். பம்ப், புரோப், கான்ஜுகேட் மூன்றும் இதே லென்ஸ்கள் வழியே போகட்டும். முதல் செல்லில் மிஞ்சிய பம்பே இரண்டாவதையும் இயக்கும்.

ஏன் பம்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்? இந்தக் கருவி பார்ப்பது புரோப் கட்டமும் கான்ஜுகேட் கட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகையை, அதிலிருந்து பம்பின் கட்டத்தை இருமுறை கழித்து. மூன்றும் ஒன்றாகப் போனால் காற்றின் அசைவும் மேசையின் நடுக்கமும் பெருமளவு தாமாகவே ரத்தாகிவிடும். பம்பைத் தனி வழியில் கொண்டுபோனால் அதன் நடுக்கம் இரட்டிப்பாக உள்ளே வரும்.

குவியத்தூரம் 500 மில்லிமீட்டர் என்றால் லென்ஸ்களுக்கு நடுவே பம்பிலிருந்து புரோப் 3.5 மில்லிமீட்டர் ஒருபக்கம், கான்ஜுகேட் அதே தூரம் மறுபக்கம் இருக்கும். மூன்றும் இணையாக ஓடும் இந்த இடத்தில்தான் கான்ஜுகேட்டை மட்டும் தொட முடியும். மாதிரி இங்கே வரும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பம்ப் இங்கே குவிந்திருக்கும். மாதிரியின் விளிம்போ அதைப் பிடித்திருக்கும் தாங்கியோ அதில் பட்டால் கருகும்.

பொருத்தும் வரிசை: முதலில் பம்ப் மட்டும், இரண்டு செல்களின் மையத்திலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கேமராவில் பாருங்கள். பிறகு முதல் செல்லைக் குளிரவைத்து, புரோப்பை நேராக இரண்டாவது செல்லுக்கு அனுப்பி அதன் கெயினைத் தனியாக அளங்கள். பிறகு இரண்டையும் சூடாக்குங்கள். இந்த நடுப்படியைத் தவிர்த்தால் எந்தச் செல்லில் பிரச்சினை என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

7. பட்டைகள் என்ன சொல்கின்றன

கான்ஜுகேட் கையிலுள்ள பீசோவை நகர்த்தினால் பட்டைகள் தெரியும். இரண்டு வெளியீடுகளையும் ஒரே நேரத்தில் ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள்.

மாக்-செண்டரில் ஒரு வாசல் பிரகாசமானால் மற்றது இருளும். இங்கே அப்படி இல்லை. இரண்டும் சேர்ந்தே பிரகாசமாகும், சேர்ந்தே இருளும். ஜோடியாகப் பிறப்பவை ஜோடியாகத்தானே மறையும்? இரண்டும் எதிரெதிராக ஆடினால் எங்கோ சாதாரணக் குறுக்கீடு நடக்கிறது. பம்பின் பிரதிபலிப்பு, ஜன்னலின் இரட்டை பிம்பம், இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும்.

இன்னொன்று, இதில் நிறையப் பேர் வீணாக நாட்களைச் செலவழிக்கிறார்கள். புரோப்பின் பட்டைத்தெளிவு (அதிக ஒளிக்கும் குறைந்த ஒளிக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 100 சதவீதத்தை எட்டவே எட்டாது. கெயின் 3-இல் ஒளிப்பட்டையில் புரோப் விதையின் 25 மடங்கு வரும், கரும்பட்டையில் விதை மட்டும் திரும்பி வரும். தெளிவு 92 சதவீதம், அதுதான் உச்சம். கெயின் 2 என்றால் 80 சதவீதம். கான்ஜுகேட்டுக்கு விதை கிடையாது என்பதால் அது 100 வரை போகும். ஆகவே பொருத்தத்தைச் சரிபார்க்க எப்போதும் கான்ஜுகேட்டையே பாருங்கள். 95-க்கு மேல் வரும்வரை லென்ஸ்களை விடாதீர்கள். அது குறைவாக இருந்தால் இரு செல்களின் கெயினும் சமமாக இல்லை, அல்லது கற்றைகள் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாவது காரணமென்றால் அதுவும் உள் இழப்பு போலவே நடந்துகொள்ளும்.

8. கரும்பட்டையில் நிறுத்துவது

பூட்டுவதற்கு முன் மேசையை மூடுங்கள். சூடான செல்லிலிருந்து எழும் காற்றோட்டம் கற்றையைக் கடக்கிறது, கட்டம் அலைகிறது. செல்லைச் சுற்றிக் கற்றைக்கு மட்டும் துளை விட்ட ஒரு பெட்டி, மேசை முழுவதற்கும் ஒரு பெரிய உறை. இவ்வளவு செய்தாலே பாதி வேலை முடிந்தது.

பீசோவுக்குச் சில பத்து கிலோஹெர்ட்ஸில் சிறிய அசைவு கொடுத்து, கான்ஜுகேட் வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பங்கைப் பிரித்து லாக்-இன் மூலம் பிழைச் சிக்னல் எடுங்கள். கரும்பட்டையில் பிழைச் சிக்னல் பூஜ்ஜியத்தைக் கடக்கும். பங்கைப் பிரிப்பது இரண்டாவது செல்லுக்குப் பிறகு என்பதால் அது வெளி இழப்புதான், தாராளமாகச் செய்யலாம். அசைவின் அளவை மட்டும் குறைத்து வையுங்கள். அசைவு பெரிதானால் கருவி கரும்பட்டையை விட்டு விலகி விலகி வரும், இரைச்சல் ஏறும். "பூட்டினால் இரைச்சல் கூடுகிறது, பூட்டாவிட்டால் குறைகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

9. உணர்திறனை அளப்பதும் நேர்மையாக ஒப்பிடுவதும்

கான்ஜுகேட் கையில் தெரிந்த அளவு சிறிய கட்ட அசைவைக் கொடுங்கள். மின்-ஒளியியல் மாடுலேட்டரை அந்தக் கையில் வைக்கத் தோன்றும், வேண்டாம். அது சில சதவீத உள் இழப்பைக் கொண்டுவந்துவிடும். மெல்லிய பீசோவில் ஒட்டிய சிறு கண்ணாடியை அதன் ஒத்திசைவு அதிர்வெண்ணில் ஆட்டுவது மேல்.

ஹோமோடைனுக்கு வேண்டிய லோக்கல் ஆஸிலேட்டர் என்ற ஒப்பீட்டுக் கற்றை கான்ஜுகேட்டின் அதே அதிர்வெண்ணிலும் வடிவத்திலும் இருக்க வேண்டும். அதே செல்லில், சில மில்லிமீட்டர் தள்ளி, இன்னொரு பம்பும் வலுவான விதையும் வைத்து இரண்டாவது நான்கு அலைக் கலப்பை நடத்தினால் அதுவே கிடைத்துவிடும். பொருத்தத்தின் செயல்திறன் பட்டைத்தெளிவின் வர்க்கம் என்பது நினைவிருக்கட்டும்: 95 சதவீதத் தெளிவு என்றால் 90 சதவீதச் செயல்திறன்.

ஹோமோடைன் இல்லாமல் வெறும் ஒளித்திறனை மட்டும் அளப்பவர்கள் சரியாகக் கரும்பட்டையில் நிற்கக் கூடாது. அங்கே சரிவு பூஜ்ஜியம், சிக்னலே வராது. துளி விலகி நில்லுங்கள். ஹோமோடைனில் இந்தச் சிக்கல் இல்லை. கட்டத்துக்குரிய அச்சைப் பார்த்தால் கரும்பட்டையிலேயே சிக்னல் அதிகம்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அசைவின் உச்சமும் அதன் இரைச்சல் தரையும் தெரியும். இரண்டின் வித்தியாசம் சிக்னல்-இரைச்சல் விகிதம். இனி ஒப்பிட வேண்டும். தப்பு அதிகம் நடப்பது இங்கேதான்.

சிலர் இரண்டாவது செல்லை அணைத்துவிட்டு, முதல் செல்லிலிருந்து வரும் கான்ஜுகேட்டை மட்டும் அளந்து, "இதுதான் சாதாரண முறை" என்கிறார்கள். அந்தத் தனிக் கற்றையில் ஏற்கெனவே கூடுதல் இரைச்சல் இருக்கிறது. கெயின் 3-இல் ஷாட் இரைச்சலுக்கு 7 டெசிபல் மேலே. அதோடு ஒப்பிட்டால் 7 டெசிபல் லாபம் இலவசமாகக் கிடைத்தது போலத் தெரியும். எல்லாம் பொய். சரியான வழி: பம்பை அணைத்துவிட்டு, கான்ஜுகேட் பாதையில் சாதாரண லேசர் கற்றையை, மாதிரியில் விழும் திறன் அதே அளவாக இருக்கும்படி அனுப்புங்கள். அதே கண்ணாடி அசைவு, அதே டிடெக்டர், அதே அனலைசர் அமைப்பு. வித்தியாசம் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் லாபம்.

அந்த எண்ணை முதல் படியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கெயின் 3, உள் இழப்பு 10 சதவீதம் என்று எழுதியிருந்து, 2.5 டெசிபல் வந்தால் திருப்தியாக இருக்கலாம். 5 டெசிபல் வந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்: மாதிரியில் விழும் திறன் இரண்டு அளவீட்டிலும் ஒன்றுதானா, டிடெக்டர் திணறிவிட்டதா என்று பாருங்கள். டிடெக்டர் திணறும்போது இரைச்சல் குறைந்தது போலத் தோன்றுவது சகஜம்.

10. இரண்டாவது செல் இல்லாமலும் செய்யலாம்

இரண்டாவது செல்லை முழுதாக விட்டுவிட்டு, புரோப்புக்கு ஒன்றும் கான்ஜுகேட்டுக்கு ஒன்றும் என்று இரண்டு ஹோமோடைன் டிடெக்டர்கள் வைத்து, அவற்றின் மின்னோட்டங்களைக் கூட்டினாலும் கணக்கில் அதே குவாண்டம் லாபம் வரும். கத்தரித்த எஸ்யூ(1,1) என்று இதைச் சொல்வார்கள். கெயின் 3-இல் இழப்பில்லாத கூட்டு ஸ்க்வீஸிங் 10 டெசிபல், மொத்தச் செயல்திறன் 90 சதவீதமானால் 7.2.

பொருத்த வேண்டிய வேலை பாதியாகக் குறையும், இரண்டாவது செல்லின் ஜன்னல் இழப்பும் கிடையாது. ஆனால் டிடெக்டர் இழப்பைப் பொறுத்துக்கொள்ளும் குணம் போய்விடும். அதைத் தந்ததே இரண்டாவது பெருக்கிதான். உங்களிடம் 95 சதவீதத்துக்கு மேல் செயல்திறனுள்ள ஃபோட்டோடையோடுகளும், 98 சதவீதப் பட்டைத்தெளிவு தரும் லோக்கல் ஆஸிலேட்டர்களும் இருந்தால் கத்தரித்த வடிவத்தில் தொடங்குங்கள். டிடெக்டர் சுமார் ரகம் என்றால், அல்லது மாதிரிக்குப் பின் ஃபைபர் வழியே ஒளியைக் கொண்டுபோக வேண்டியிருந்தால், இரண்டாவது செல்லை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். அதன் கெயினை முதலாவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் தப்பில்லை. டிடெக்டர் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அந்தக் கூடுதல் கெயின் உதவும்.